சம்பளத்துக்கு மாறியும் விடாத வரி ஃபார்ம்

சொந்தத் தொழில விட்டுட்டு சம்பள வேலைக்குப் போனா வரி விஷயத்துல நிம்மதினு எல்லாரும் சொல்றாங்க, யாருப்பா அந்த எல்லாரும், கொஞ்சம் வந்து இந்த ஃபார்ம நிரப்பிக் குடுங்க பாப்போம். வருஷத்துல பாதி ஃப்ரீலான்ஸ், மீதி சம்பளம், ரெண்டும் ஒரே வருமான வரி ரிட்டர்ன்ல வரணும். சம்பளப் பக்கம் பிரச்சனையே இல்ல, கம்பெனியே பிடிச்சுக் கட்டிடுது. தொழில் பக்கம்தான் உயிர எடுக்குது. லேப்டாப் செலவ முழுசா எழுதலாமா, பாதியா? இன்டர்நெட் பில்லு? இதுல ஒரு கிளையன்ட் வேற, நான் தொழில்ல இருந்தப்போ அனுப்புன பில்லுக்கு வேலைக்குச் சேந்து மாசக்கணக்கா ஆனப்புறம் சாவகாசமா பணம் போடுறாரு, அத பில் தேதிக்குக் காட்டணுமா பணம் வந்த தேதிக்கானு கேட்டா, நீங்க இத்தன வருஷமா எந்த முறையில கணக்கு வெச்சீங்கங்கறதப் பொறுத்துனு பதில் வருது. நல்லா இருக்கு.

அதவிட கடுப்பு என்னன்னா கம்பெனிக்கு நம்ம பழைய வருமானம் தெரியாது, சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பிடிக்குது, கடைசில ரெண்டையும் கூட்டுனா வரி விகிதம் கூடுற மேல் ஸ்லாபுக்குப் போயி, மிச்ச வரிய கைக்காசுல கட்டுங்குது ஃபார்ம். முன்னாடியே தவணையா கட்டுன வரிக்கு ரசீதெல்லாம் தேடி எடுத்து டைப் பண்ணிட்டு இருக்கும்போதுதான் ஸ்க்ரீன்ல நேரம் முடிஞ்சுது மறுபடி லாகின் பண்ணுனு வரும் (அதுவும் சேவ் பட்டன் பக்கம் கை போறப்போ கரெக்டா). தொழில மூடிட்டேன்னு சொல்ல முதல் பக்கத்துலயே ஒரு டிக் பாக்ஸ் வெச்சா என்னய்யா கொறஞ்சு போயிடும் உங்களுக்கு?