சூலூருக்கு மேலே பறப்பதும் மெஷின் வேலைதான்

நம்ம கொங்குப் பக்கம் மெஷின் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை உண்டு. லேத்தில் நின்றவர், ஃபவுண்டரி நடத்துபவர், சத்தத்தைக் கேட்டே மோட்டாரில் என்ன கோளாறு என்று சொல்பவர் என்றால் எழுந்து நின்று பேசுவோம். ஆனால் விமானப்படை என்று வந்தால் மட்டும் "மிலிட்டரிக்குப் போன பையனுக்குப் பொண்ணு யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம். இத்தனைக்கும் கோவையை அடுத்த சூலூரில் விமானப்படைத் தளம் திருச்சி ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

விமானப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி ஏர் சீஃப் மார்ஷல் ஆர்.கே.எஸ். பதௌரியாவின் கதை இந்த விஷயத்தில் நமக்குச் சரியான பதில் என்று நினைக்கிறேன். ஆக்ரா மாவட்டத்துக்காரர். 1980 ஜூனில் போர் விமானியாகச் சேரும்போதே முதலிடம் பெற்று கௌரவ வாள் வாங்கியவர். ஜாகுவார் போர் விமானப் படைப்பிரிவுத் தலைமை, மாஸ்கோவில் தூதரகப் பணி, 26 வகை விமானங்களில் 4,250 மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவம் என்று பட்டியல் நீளும். அதையெல்லாம் விடுங்கள். நடுவில் பெங்களூரில் அவர் பார்த்த வேலைதான் விஷயம். நம் நாட்டிலேயே உருவான இலகுரகப் போர் விமானம் தேஜஸின் ஆரம்ப கட்டச் சோதனைப் பறப்புகளில் அவர் இருந்தார். தேசியப் பறப்புச் சோதனை மையத்தில் தலைமைச் சோதனை விமானி, திட்ட இயக்குநர் என்ற பொறுப்புகளையும் வகித்தார்.

தேஜஸ் தானாக நிலைத்துப் பறக்கிற வடிவம் கிடையாது. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது நேராகப் போகும். அந்தத் திருத்தம் காகிதக் கணக்குப்படி நடக்கிறதா என்று மேலே போய்ப் பார்ப்பவர் சோதனை விமானி. இன்றைக்குக் கொஞ்சம் வேகம் கூட்டுவார், அடுத்த முறை கொஞ்சம் உயரம், அப்புறம் இன்னும் கூர்மையான திருப்பம். கீழே பொறியாளர்கள் ஒவ்வொரு எண்ணையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோவையில் பம்ப்செட்டை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் அளவு), ஆம்ப்ஸ் (இழுக்கும் கரண்ட்) பார்த்துத்தானே வெளியே அனுப்புகிறோம்? இங்கே அந்த பெஞ்சு மேலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் அவர் தென்மண்டல விமானப்படைக்குத் தளபதியானார். சூலூர் அந்த மண்டலத்தில்தான் வருகிறது. 2018 ஜூலையில் 45ஆம் படைப்பிரிவின் தேஜஸ் விமானங்கள் இங்கே வந்தன. 2020 மே 27 அன்று இரண்டாவது தேஜஸ் படைப்பிரிவான 18ஆம் பிரிவைத் தொடங்கிவைக்க, தலைமைத் தளபதியாக அவரே சூலூர் வந்தார். வந்தவர் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகவில்லை. 60 வயதில், ஒற்றை இருக்கை தேஜஸைத் தானே ஓட்டினார். தான் சோதித்த சரக்கின் மேல் இருந்த நம்பிக்கை அது.

அவர் பதவியில் இருந்தபோதுதான், 2021 பிப்ரவரியில், மேம்படுத்திய வகையான தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் 83க்குச் சுமார் 48,000 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். சொன்ன தேதிக்கு டெலிவரி வரவில்லை. எஞ்சின் தாமதம் ஒரு காரணம், அது மட்டுமே காரணமில்லை. தேஜஸ் சோதனையில் இருந்தே மேலே வந்த இன்னொரு தலைமைத் தளபதி ஏ.பி. சிங், 2025இல் பெங்களூர் விமானக் கண்காட்சியான ஏரோ இந்தியாவின்போது இந்தத் தாமதம் பற்றி வெளிப்படையாகவே ஆதங்கப்பட்டார். ஆர்டர் எடுத்துத் தேதி தவறினால் திருப்பூரில் சரக்கு வாங்கும் பையர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும்.

(பதௌரியா 2024இல் பா.ஜ.க.வில் சேர்ந்தார். எந்தக் கட்சியானாலும் சரி, தளபதிகள் ஓய்வுபெற்றதும் அரசியலுக்குப் போவது எனக்குப் பிடிக்காது.)

நம்ம பிள்ளைகள் மெக்கானிக்கல், ஏரோநாட்டிக்கல் எல்லாம் படிக்கிறார்கள். படித்துவிட்டு பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள். தப்பில்லை. ஆனால் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் எடுத்தவர்கள் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி விமானப்படைக்குப் போகலாம் என்று எத்தனை வீட்டில் பேச்சு வருகிறது? யு.பி.எஸ்.சி. அதை வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பெண்பிள்ளைகளும் எழுதலாம். உடுமலைக்கு அந்தப் பக்கம் அமராவதி நகரில் 1962 முதல், பிள்ளைகளை ராணுவ அதிகாரி வேலைக்குத் தயார்படுத்தும் சைனிக் பள்ளி இருக்கிறது. அணையையும் முதலைப் பண்ணையையும் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்கள், அடுத்த முறை அங்கே அட்மிஷன் எப்போது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.