25 சதச் சீனியும் மாமாவின் குரல்பதிவும்

இன்று விடியக்காலை ஐந்தரைக்கு மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டிருந்தார். யாரென்றே தெரியாத ஓர் ஆள் பதறிப் பதறிப் பேசுகிறான். இன்ன ஆட்களின் கடையில் சாப்பிட வேண்டாமாம், பிள்ளைகள் கவனமாம், குறைந்தது பத்துப் பேருக்காவது அனுப்ப வேண்டுமாம். அதற்குக் கீழே மாமா தன் பங்குக்கு எழுதியிருந்தார்: "உண்மையோ தெரியாது, எதற்கும் கவனமாக இருங்கோ."

இந்த "எதற்கும்" இருக்கிறதே, அதை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஆட்சியே பிடிக்கலாம். பிடித்தும் காட்டினார்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பாட்டுக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை என்று சத்தம் போட்டார்கள், கூட்டம் கூடிவிட்டது. காசு வாங்குகிற இடத்தில் நின்றவருக்குத் தமிழ்தான் வரும், சிங்களம் அரைகுறை. சுற்றி நின்று அதட்டியதில், என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காமல் ஆமாம் போட்டுவிட்டார். அதைப் போனில் பிடித்து ஃபேஸ்புக்கில் ஏற்றினார்கள். கடையும் பள்ளிவாசலும் உடைந்தன. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகனவில் கடைகள் எரிந்தன. அங்கே தொடக்கம் வேறொரு சண்டை, ஆனால் அந்த வீடியோ முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் கடைசியில் அது வெறும் மாவுக்கட்டி என்றார். அப்படி ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று டொக்டர்மாரும் சொன்னார்கள். யார் கேட்டது?

எனக்கு அந்தக் கூட்டத்தைவிட எங்கள் ஆட்கள்மேல்தான் ஆத்திரம். சோதனைச்சாவடியில் கேள்வி விளங்காமல் சிங்களத்தில் "ஓவ் சேர்" (ஆமாம் சேர்) என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை எங்களில் எத்தனை குடும்பத்தில் இருக்கிறது! தமிழன் என்றாலே பையில் குண்டு இருக்கும் என்று ஊரே நம்பிய காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட நாங்களே அந்த மாத்திரைக் கதையைக் குழுவுக்குக் குழு அனுப்பினோமே. மாமாவும்தான் அனுப்பினார். எதற்கும் என்றுதான்.

அப்புறம் 2019 ஏப்ரல் 21, இஸ்லாமியத் தீவிரவாதிகளின் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். அந்தப் பயம் கட்டுக்கதை இல்லை, செத்தவர்கள் 250-க்கும் மேல். ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் மேலிடம் சும்மா இருந்தது. அதற்காகத்தான் 2023-இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அன்றைக்கு அந்தக் கேள்வியில் ஊர் நின்றிருக்க வேண்டும். நின்றதா? ஒரு மாதம் ஆனதும் ஒரு சிங்களப் பத்திரிகை ஒரு முஸ்லிம் டொக்டர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று முன்பக்கத்தில் போட்டது. அது குருநாகல் டொக்டர் ஒருவர்தான் என்று ஆளைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் "பலமான தலைவர் வேண்டும்" என்பது தேசியகீதம் மாதிரி ஆகிவிட்டது. நவம்பரில் 69 லட்சம் வாக்கோடு கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாக வந்தார்.

சரி, வந்தவர்கள் எங்களைப் பாதுகாத்தார்களா? 2020 ஒக்டோபர் 13 அன்று சீனி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறக்கினார்கள். எழுத்துப்பிழை இல்லை, இருபத்தைந்து சதம்தான். கடையில் விலை இறங்கவில்லை. திறைசேரிக்குப் போன நட்டம் 1,500 கோடி ரூபாய்க்கு மேல். ஒன்பது நாள் கழித்து ஜனாதிபதி கையில் அதிகாரத்தைக் குவிக்கிற 20ஆவது திருத்தம் 156 வாக்கோடு நிறைவேறியது. நாடு அப்போது எதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது தெரியுமா? கொவிட்டில் செத்த முஸ்லிமைப் புதைத்தால் நிலத்தடி நீரில் நஞ்சு கலக்கும் என்று. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். அதை எதிர்த்துக் கொழும்பு பொரளை கனத்தை மயான வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். (அதே காலத்தில் சுகாதார அமைச்சர் கொரோனாவை விரட்ட மந்திரித்த தண்ணீர்ப் பானையை ஆற்றில் போட்டார். பிறகு அவருக்கே கொரோனா வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.)

2021-இல் இரசாயனப் பசளைக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். 2022-இல் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, பிள்ளைகளின் பரீட்சைக்குப் பேப்பர்கூட இல்லை. மாமா காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி, வரிசையில் இடம் பிடித்து, இரவு முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் மாற்றிவிடுவேன். அந்த 69 லட்சத்தில் ஓர் ஆளைக்கூட அந்த வரிசையில் நான் சந்திக்கவில்லை. கேட்ட எல்லாரும், "நான் அவருக்குப் போடவில்லை" என்றார்கள். ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் குருநாகல் டொக்டருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தது. அந்தக் காசை அவர் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். 4,000 என்று அலறியவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்தியை அனுப்பினார்கள்? எங்கள் குழுவில் வரவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு, 2022 ஜூலையில் ஜனாதிபதி இராணுவ விமானத்தில் மாலைதீவுக்கு ஓடியதைப் பார்த்த பிறகு, உயர் நீதிமன்றமே 2023-இல் பொருளாதாரம் படுத்ததற்கு ராஜபக்ச சகோதரர்களைப் பொறுப்பென்று சொன்ன பிறகு, இன்று காலை ஐந்தரைக்கு அதே குரல்பதிவு! குரல் வேறு, சரக்கு அதே பழசு.

பொறுக்க முடியாமல் குழுவில் எழுதினேன்: "மாமா, அந்த 25 சதச் சீனி உங்கள் கடையில் கிடைத்ததா?" இரண்டு நீல டிக் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, குடும்ப குழுவில் ஏன் அரசியல் கதைக்கிறாய்?"