பழைய வீட்டை விலை பேசும் அண்ணாச்சிமாருக்கு

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி டவுன் ரதவீதிகள் என்று நம்ம பக்கம் எங்கே போனாலும் ஒரு பழைய வீடு இடிந்துகொண்டிருக்கிறது. தூண், உத்திரம், நிலை, கதவு எல்லாம் தனித்தனியாகக் கழன்று லாரியில் ஏறுகிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு போன வருஷம் அப்படித்தான் போனது. கேட்டதற்குச் சித்தப்பா, "மழைக்கு ஒழுகுது, பாக்க ஆளில்ல, இந்தத் தூண வச்சிக்கிட்டு என்னடே செய்ய?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குப் போயிருந்தோம். கடையநல்லூர், தென்காசிக்காரர்களுக்கு அது வேற்றூர் இல்லை, தாத்தா காலத்திலேயே கப்பலேறிப் போய்ப் பிழைத்த ஊர். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் 1801-ல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் கோயில் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். நாங்கள் தங்கியது லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையில். அந்தப் பெயருள்ள சீன வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு. 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல்.

அவர் 1916-ல் இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். விற்கத்தான் முடியவில்லை, பராமரிக்கவும் வழியில்லை. பலர் ஒண்டுக்குடித்தனம் இருந்து, 1989-ல் அந்த மகனும் காலமானபோது வீடு சீரழிந்து கிடந்தது. உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, பழைய முறையிலேயே சீர்செய்தார்கள். 2000-ல் யுனெஸ்கோ அதற்கு விருது கொடுத்தது. இன்று அறை வாடகையில் அந்த வீடு நிற்கிறது. விற்காதே என்று தடுத்தால் மட்டும் வீடு பிழைக்காது, அதற்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசிய நீலம். அந்தச் சாயம் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போனது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரே நீலமாக இல்லை, ஒரு இடத்தில் வெளுத்து, ஒரு இடத்தில் அடர்ந்து, மழைச்சாரல் பட்ட இடம் கறுத்து இருக்கிறது. பினாங்கு ஈரத்துக்குச் சுண்ணாம்புதான் தோது. செங்கலுக்குள் ஏறிய ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கொஞ்ச நாளில் பொரிந்து விழும். நம்ம ஊரில் எத்தனை வீட்டுத் தார்சாவில், அதான் முன்கட்டில், இந்தப் பொரிச்சலைப் பார்த்திருக்கிறோம்! வீடு பழசானதால் என்று நினைக்கிறோம். நடுவில் யாரோ பூசிய சிமெண்ட் செய்த வேலை அது.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. நடுமுற்றத்தில் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் இறங்க, வீடே குளிர்ந்துவிட்டது. என் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். அவள் பிறந்த வீட்டிலும் வானவெளி என்கிற திறந்த முற்றம் உண்டு. தார்சா, பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, மச்சு, சிவப்புக் காவித் தரை, எதுவுமே அந்த மாளிகைக்குக் குறைந்ததில்லை.

பினாங்கில் நெஞ்சை உறுத்தியதும் உண்டு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ம் ஆண்டோடு போனது. வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு காபிக் கடையும் தங்கும் விடுதியும் பெருகின. சில தெருக்களில் சாயந்திரம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரைக் கூடக் காணவில்லை. நம்ம ஊருக்கு அந்தக் கதி வேண்டவே வேண்டாம். வெளியூர் முதலாளி மொத்தமாக வளைத்துப் போட்டு, நம்ம ஆட்களை வாசலில் சீருடையில் நிறுத்துவதற்கு நான் பரிந்து பேசவில்லை.

நான் சொல்வது சின்ன ஏற்பாடு. வீட்டில் குடியிருங்கள், ரெண்டு அறையை மட்டும் விருந்தாளிக்கு விடுங்கள். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்தால் ஒன்று முதல் ஆறு அறை வரை தங்க வைக்க மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமே இருக்கிறது. படுக்கப் பத்தமடைப் பாய். சனிக்கிழமை உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். ஒருநாள் தேங்காய்ப்பால் சொதி. காலையில் தாமிரபரணியில் குளியல், மதியத்துக்கு மேல் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் ஏறி அந்த மரச் சிற்பங்களையும் சுவரோவியத்தையும் பார்க்கட்டும். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். இதைவிட என்ன வேண்டும் ஒரு பயணிக்கு?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் தெருக்களில் பலவற்றில் ஒரு காலத்தில் எல்லாரும் செருப்புப் போட்டு நடக்க முடியாது. பாரம்பரியம் என்ற பெயரில் அதையும் சேர்த்துப் பாதுகாக்க நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். யார் வந்தாலும் முன்வாசல் வழியாக வரவேண்டும், ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். விருந்தாளியிடம் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிற வாய் இருந்தால் வீட்டைப் பூட்டியே வைக்கலாம்.

வீடு இடிபடுவதற்குப் பெரும்பாலும் மழையோ கரையானோ காரணம் இல்லை, பங்குதான். ஆறு பங்காளி, ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் துபாயில். பிரித்துக்கொள்ள லேசான வழி விற்பது. விற்காமலே வாடகையில் பங்கு என்று எழுதிக்கொள்ளவும் முடியும், ஒரு வக்கீல் அரைநாளில் ஒப்பந்தம் போட்டுத் தருவார்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். பொங்கலிட்டு முடித்த சாயந்திரம் பங்காளிகள் எல்லாரும் அந்தப் பழைய வீட்டிலேயே உட்கார்ந்து பேசுங்கள். அதற்குள் வீட்டை அளந்து ஒரு படம் வரைந்து வையுங்கள், ஒழுகும் இடத்தில் ஓடுகளை மாற்றுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தூணுக்கு விலை பேச வருபவருக்கு அதுவரைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், அண்ணாச்சி.