அத்திப்பழக் கணக்கு

(ஸ்பெயினின் லியோன் நகரம். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், நள்ளிரவு நெருங்குகிறது. இருட்டிய சமையலறையில் கரண்டிச் சத்தம்.)

மாமியார்: (விளக்கைப் போட்டு) யாரது? அட, மாப்பிள்ளையா!

மருமகன்: தண்ணீர் குடிக்க வந்தேன் அத்தை.

மாமியார்: தண்ணீருக்கு எதற்குக் கரண்டி? பானை மூடி வேறு கீழே கிடக்கிறது. நாலு நாளாக ஊறுகிற லிமொனாடா அது! நாளைக்கு உங்கள் மாமாவோடு சப்பரம் தூக்குகிறவர்களுக்கு வைத்திருக்கிறேன்.

மருமகன்: பேரிலேயே எலுமிச்சை இருக்கிறதே. எலுமிச்சைச் சாறு குடித்தால் தப்பா?

மாமியார்: எலுமிச்சை நாலே நாலு. சிவப்பு ஒயின் 3 லிட்டர். அப்புறம் சர்க்கரை, பட்டை, திராட்சை, உலர்ந்த அத்திப்பழம். எலுமிச்சை பேரைச் சொல்லிக்கொண்டு புனித வாரத்தில் ஊரே குடிக்கிறது, அது ஊர் பாடு. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று எழுந்து நின்று, 'ஈஸ்டர் வரைக்கும் ஒயின் குடிக்கமாட்டேன்' என்றது யார்?

மருமகன்: நான்தான். என்னோடு சேர்ந்து மாமாவும்தான். ஆனால் நான் மாட்ரிட்காரன் அத்தை. மே 15, சான் இசித்ரோ திருநாளுக்கு எங்கள் லிமொனாடாவில் வெள்ளை ஒயினும் ஆப்பிள் துண்டும்தான். இது சிவப்பாக இருந்ததால் வேறு ஏதோ என்று…

மாமியார்: இருமல் மருந்து என்று நினைத்தீர்களாக்கும்.

மருமகன்: அது இருக்கட்டும். இந்த ஊர்ப் பெரியவர்கள் லிமொனாடா குடிக்கப் போவதை 'யூதரைக் கொல்லப் போகிறோம்' என்கிறார்களே, அது ஏன்?

மாமியார்: அந்தப் பேச்சு என் சமையலறையில் ஆகாது. யூதர்களை 1492இலேயே நாட்டைவிட்டு விரட்டியாயிற்று, இவர்கள் வாய் மட்டும் இன்னும் விடவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். பானையில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.

மருமகன்: ஆவியாகியிருக்கும்.

மாமியார்: மூடி வைத்த பானையில்? அடுப்பே இல்லாமல்?

மருமகன்: சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அத்திப்பழம் மட்டும் தின்றேன். பழத்தை எடுத்தால் மட்டம் இறங்கத்தானே செய்யும்? ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இதுதானே!

மாமியார்: நாலு நாளாக ஒயினைக் குடித்த பழம் அது!

மருமகன்: விரதம் எனக்குத்தான் அத்தை, அத்திப்பழத்துக்கு இல்லையே.

மாமியார்: எத்தனை தின்றீர்கள்?

மருமகன்: ஏழு.

மாமியார்: (கரண்டியால் துழாவி எண்ணுகிறார்) நான் போட்டது இருபது. இப்போது இருப்பது ஆறு.

மருமகன்: ஆறும் ஏழும் பதின்மூன்று. மீதி ஏழு?

மாமியார்: சர்க்கரை போதுமா என்று பார்க்க வேண்டாமா?

மருமகன்: ஏழு தடவையா?

மாமியார்: மூன்று! சத்தியமாக மூன்றுதான்.

(படுக்கையறையிலிருந்து குறட்டை. இருவரும் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள்.)

மருமகன்: அப்போது அந்த நாலு…

மாமியார்: காலையில் ஒன்பது மணி நேரம் சப்பரம் சுமக்க வேண்டும், சீக்கிரம் தூங்குகிறேன் என்று எட்டு மணிக்கே படுத்தாரே! போகும்போது இந்த வழியாகத்தான் போனார்.

(தெருவில் எக்காளம், மணி, முரசு. 'எழுந்திருங்கள், இயேசுவின் சின்னச் சகோதரர்களே, நேரமாகிவிட்டது!' என்று சப்பரம் தூக்குகிறவர்களை எழுப்பும் குரல். குறட்டை நிற்கிறது.)

மருமகன்: மாமா எழுந்துவிட்டார்! அத்தை, புது அத்திப்பழம் பதினாலு போடுங்கள், மட்டம் ஏறிவிடும்.

மாமியார்: புதுப் பழம் ஊறியிருக்காதே. வாயில் போட்டவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

மருமகன்: கண்டுபிடிக்கட்டும். ஊறின பழம் எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும், அதை மட்டும் கேளுங்கள்.