மெய்ன் 2வது தொகுதி: தோற்றவர் ஜெயிக்கவில்லை
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து நாடாளுமன்றத் தொகுதி ஒன்றைப் பற்றி மேலே ஒருவர், "மெய்ன் 2வது தொகுதி என்றைக்குமே குடியரசுக் கட்சிக் கோட்டை, 2018ல் தோற்ற கோல்டனை எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்து ஜெயிக்க வைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

மாநில நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த ஒரே தொகுதி. கிராமம்தான், சரி, ஆனால் 1995லிருந்து 2015 வரை இங்கே இருந்தது ஜனநாயகக் கட்சி; பால்டாச்சி, அப்புறம் மைக் மிஷோ. மிஷோ காகித ஆலையில் இருபது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்த ஆள், ஆலைத் தொழிலாளர் ஊர்களில் கட்சியைவிட அதுதான் எடுபட்டது.

2018ல் முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின் பொலிகுவின் சுமார் 46.3, ஜனநாயகக் கட்சியின் கோல்டன் 45.6 சதவீதம், யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மெய்ன் மக்களே 2016ல் வாக்கெடுப்பில் கொண்டுவந்த தரவரிசை முறைப்படி (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் குறிக்கிற முறை), இரண்டு சுயேச்சைகளுக்குப் போட்டவர்கள் அதே வாக்குச்சீட்டில் குறித்திருந்த அடுத்த தேர்வை எண்ணினார்கள், கோல்டன் 50 சதவீதத்தைத் தாண்டினார். பொலிகுவின் கோர்ட்டுக்கும் போனார், அங்கேயும் எடுபடவில்லை.

டிரம்ப் இங்கே 2016, 2020, 2024 மூன்றிலும் முந்தினார், அதை மறுக்கவில்லை. ஆனால் 2020, 2024 இரண்டிலும் அதே வாக்காளர்கள் கோல்டனையும் அனுப்பினார்கள். அதே சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி என்று குறிக்கிற ஊரைக் கோட்டை என்றால் எப்படி? இந்தத் தொகுதியின் லூயிஸ்டன் நகரத்தில் பிரெஞ்சுக் கனடிய வம்சாவளியும் சோமாலிய குடும்பங்களும் இருக்கிறார்கள், வடக்கே அரூஸ்டுக் மாவட்டத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளிக்கே லீவு விடுவார்கள், எல்லாரையும் ஒரே நிறத்தில் அடித்துவிட முடியாது.