முதுகுவரை பாயும் வயிற்றுவலியைக் கேஸ் என்று விட்டுவிடாதீர்கள்

தர்மபுரிப் பக்கம் யாராவது மேல்வயிறு வலிக்கிறது என்றால், கேஸாக இருக்கும் என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பல வலிகளுக்கு அது போதும். ஆனால், திடீரெனத் தொடங்கி முதுகுவரை பாய்ந்து, மணிக்கணக்கில் தணியாமல் வாந்தியோடு நீடிக்கும் வலியை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது கணைய அழற்சியாக இருக்கலாம்.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையம் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள உறுப்பு. இன்சுலின் சுரப்பது அதன் சிறு பகுதிதான். மீதிப் பெரும்பகுதி, நாம் உண்ணும் களியையும் பருப்பையும் எண்ணெயையும் செரிக்க நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. அந்த நீரில் புரதத்தைச் சிதைக்கும் நொதி, கணையத்துக்குள் இருக்கும்வரை டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவில் இருந்து, சிறுகுடலை அடைந்த பிறகே டிரிப்சினாக மாறி இயங்க வேண்டும். பித்தப்பைக் கல் நழுவிவந்து, பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேருமிடத்தை அடைத்தாலோ, மது கணையச் செல்களைக் கெடுத்தாலோ, அந்த நொதி உள்ளேயே இயங்கத் தொடங்கிக் கணையத்தையே செரிக்கிறது. 1896இலேயே ஆஸ்திரிய நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி இதைச் சொல்லிவிட்டார்.

பாலக்கோட்டில் என் சித்தப்பாவுக்கு இது வந்தபோது அவரால் மல்லாந்து படுக்கவே முடியவில்லை; தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முன்னால் குனிந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். குனிந்தால் வலி சற்றுக் குறைவது இந்நோயில் பலரிடம் காணப்படும் அடையாளம். இரத்தத்தில், கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லைபேஸின் அளவு இயல்பின் உச்சவரம்பைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், இத்தகைய வலியோடு சேர்த்து நோயை உறுதிசெய்துவிடலாம். கல் இருக்கிறதா என்பதை வயிற்று ஸ்கேன் காட்டும். பெரும்பாலோர் குளுக்கோஸ் பாட்டில் போன்ற நரம்புவழித் திரவத்திலும் வலிமருந்திலும் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கோ கணையத் திசு அழுகி, நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகிறது.

குடிப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைப்பதும் சரியில்லை. கேரளத்திலும் தமிழகத்திலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கே கணையத்தில் கல் படிந்து, நாள்பட்ட அழற்சியும் சர்க்கரை நோயும் வருவதுண்டு. நம் வயல்களில் விளையும் மரவள்ளிக்கிழங்கின்மீது ஒரு காலத்தில் ஐயம் இருந்தது, ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. கணையத்துக்குள் டிரிப்சினை அடக்கிவைக்க உதவும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பிறகு தெரியவந்தது. பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலித்து, உடல் மெலிந்து, மலம் எண்ணெய்ப் பசையோடு போனால் கிழங்கைக் குறைசொல்லிக்கொண்டிராமல் கணையத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பித்தப்பைக் கல்லால் லேசான அழற்சி வந்து தணிந்தவர்கள், வலி போய்விட்டது, அறுவடை முடியட்டும் என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். பித்தப்பை உள்ளேயே இருந்தால் அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். அதனால்தான் மருத்துவமனையில் சேர்ந்த அதே தடவையிலேயே, வீடு திரும்பும் முன், பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. வீட்டுக்கு அனுப்பும் முன் இதை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.