ஹால்ஸ்டாட்டுக்கு இரண்டு மணி நேரம் போதாது

ஆஸ்திரியாவுக்குக் கிளம்பும் நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: "ஹால்ஸ்டாட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும்தானே?" போதாது என்றேன். ஏன் என்று தொலைபேசியில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹால்ஸ்டாட் அந்த நாட்டில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள சிற்றூர். ரயில் நிலையம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வண்டி வரும் நேரம் பார்த்து ஒரு படகு வந்து நிற்கும். அதில் ஏறி நிமிர்ந்து பார்த்தாலே அந்த ஊரின் சங்கடம் புரிந்துவிடும். மலை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. இடையில் கையகல நிலம். அதில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. 1890இல்தான் பாறையை வெடித்து ஊருக்குச் சாலையே போட்டார்கள். சதுக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பேரி மரத்தை அப்பளம்போலத் தட்டையாக ஒட்டி வளர்த்திருக்கிறார்கள். மரத்துக்குக் கிளை விரிக்கவும் இடம் கிடையாது.

இறந்தவர்களுக்கும் கிடையாது. படியேறிப் போனால் ஏரியைப் பார்த்தபடி ஒரு சிறிய கல்லறைத் தோட்டம், அதன் ஓரத்தில் புனித மிக்கேல் சிற்றாலயம், அதற்குக் கீழே எலும்பு வீடு. முன்பெல்லாம் புதைத்துச் சில ஆண்டுகள் ஆனதும் குழியைத் தோண்டி, மண்டையோட்டை எடுத்துச் சுத்தம் செய்து, வெயிலில் வெளுக்க வைத்து, அதன்மேல் பூக்களை வரைந்து இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். குழி அடுத்தவருக்குப் போகும். சுமார் 1,200 மண்டையோடுகள், அவற்றில் பாதிக்கு மேல் வண்ணம் தீட்டியவை. உள்ளே போவதற்கு முன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய் நின்றதும் அந்தப் பயம் இருந்த இடம் தெரியவில்லை. நெற்றியைச் சுற்றி ரோஜா மாலை, நடுவே கறுப்பெழுத்தில் பெயர், இறந்த ஆண்டு. ஒரே குடும்பத்தார் பக்கத்தில் பக்கத்தில். கடைசியாக வந்தவர் 1983இல் இறந்த ஒரு பெண்மணி. தாமே விரும்பிக் கேட்டுக்கொண்டதால் 1995இல் அவரை அங்கே வைத்தார்கள். அவருடைய தங்கப் பல் இன்னும் மின்னுகிறது. அருவருப்பாக அங்கே எதுவுமே இல்லை. தாத்தாவின் நெற்றியில் பூ வரைந்த கையில் எவ்வளவு பிரியம் இருந்திருக்க வேண்டும்!

புதைகுழியைக்கூட அடுத்தவருக்கு ஒதுங்கி விட்டுக்கொடுத்த ஊர் அது. எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். கோடையில் சில நாட்கள் பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலோர் பேருந்தில் வந்து, படம் எடுக்கும் அந்த ஒரு முனையில் முண்டியடித்துவிட்டு, சன்னல்களுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2023இல் அந்த முனையில் மரத் தடுப்பு வைத்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்களே சாலையை மறித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேருந்துகளுக்கு முன்பதிவு வைத்தது நல்ல காரியம். எண்ணிக்கையை இன்னும் குறைத்தாலும் தவறில்லை.

"சுற்றுலாவை வைத்துத்தானே பிழைக்கிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். அந்த ஊர் உப்பால் உண்டான ஊர். மேலே மலைக்குள் ஏழாயிரம் ஆண்டுகளாக உப்பு எடுக்கிறார்கள். 1846இல் சுரங்க அதிகாரி ராம்சாவர் அங்கே பழங்காலக் கல்லறைகளைக் கண்டுபிடித்தார். அடுத்த பதினேழு ஆண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகளைத் தோண்டினார். மத்திய ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே இன்று ஹால்ஸ்டாட் பண்பாடு என்றுதான் பெயர். சுரங்கத்துக்குள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான மரப் படிக்கட்டு ஒன்று உப்பில் கெடாமல் கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் பார்க்க முடியாது. படம் மட்டும் போதும் என்றால், 2012இல் சீனாவில் குவாங்டோங் மாகாணத்தில் இதே ஊரை அச்சு அசலாகக் கட்டித் திறந்திருக்கிறார்கள், அங்கே போகலாம்.

ஒரு இரவாவது தங்குங்கள். அந்தப் பணம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும். நான் தங்கிய அன்று, கூட்டம் வடிந்த பிறகு மறுபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர் பூவாளியில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு கல்லறைச் செடிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் குறுக்கே நிற்கக் கூடாதென்று சுவரோரம் ஒதுங்கினேன். தலையசைத்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.